வலிப்பு மருந்தால் பிளேட்லெட் குறைந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் பினாங்கு, ஆயர் ஈத்தாம். என் தங்கை பல வருடமாக வலிப்புக்கு சோடியம் வால்புரோயேட் சாப்பிடுகிறாள். வலிப்பு நன்றாகவே அடங்கியிருக்கிறது. ஆனால் சமீபமாகப் பல் துலக்கினால் ஈறில் ரத்தம். லேசாக இடித்தாலே கைகாலில் நீலம் பாரிக்கிறது. டெங்கி என்று பயந்தோம், அது இல்லை. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 90,000தான், குறைந்தது 150,000 இருக்க வேண்டும். இந்த மருந்தின் அளவு கூடினால் இப்படி ஆவது உண்டு, அளவைக் குறைத்துப் பார்ப்போம் என்கிறார் டாக்டர்.

குறைத்தவர்களே, பிளேட்லெட் மறுபடி ஏறியதா? வலிப்பு திரும்பியதா? லெவெட்டிரசெட்டாம் என்கிற வேறு வலிப்பு மருந்துக்கு மாறியவர்கள் உண்டா? அப்புறம், அவளுக்கு ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். பல் டாக்டரிடம் முன்கூட்டியே என்னவெல்லாம் சொன்னீர்கள்?

மருந்தை உடனே நிறுத்தச் சொல்லி மட்டும் தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். திடீரென நிறுத்தினால் விடாத வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து.