ஸ்கார்பியன்ஸ் பெங்களூர் வந்தா, பாம்பன்ல இருந்து கிளம்பிப் போறது தகுமா?

பாம்பன்_ரிதம்:
ஸ்கார்பியன்ஸ் மாதிரி அறுபது வருஷ ஜெர்மன் ராக் பேண்ட் பெங்களூர்ல வாசிக்கிறாங்கன்னா இங்கேருந்து போகலாமா? டிக்கெட், வண்டி, ரூம் எல்லாம் கூட்டிப் பார்த்தா ஒரு நல்ல கிட்டாரே வாங்கிடலாம் போல. பாடகர் கிளவுஸ் மைனே 1948ல பிறந்தவர். குரல் நிக்குமா, இல்ல பேருக்கு வந்து கை அசைச்சுட்டுப் போயிடுவாங்களா? எனக்கு உசிரு, 70கள்ல கிட்டார் வாசிச்ச உலி ஜான் ராத் காலத்துப் பாட்டுகள். விசைப்படகு வேலை, அதனால மீன்பிடித் தடைக்காலத்துல வந்தா கவலையில்ல. மத்த நாள்னா தொழில் போகும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை_ட்ரம்ஸ்:
முதல்ல பேரைப் பார்க்காதீங்க, மேடையில யார் யார்னு பாருங்க. கன்ஸ் அண்ட் ரோசஸ் பேண்ட் 2012ல பெங்களூர் வந்தப்போ பழைய ஆள்ல பாடகர் ஆக்ஸல் முக்கியமா இருந்தாரு, கிட்டார் ஸ்லாஷும் பேஸ் கிட்டார் டஃபும் இல்ல. அவங்க திரும்பிச் சேர்ந்தது 2016ல. 2025 மே மாசம் மும்பைல மூணு பேரும் ஒண்ணா நின்னாங்க. பேனர் ரெண்டு தடவையும் ஒண்ணுதான்.

அந்தக் கணக்குல ஸ்கார்பியன்ஸ் தேறும். 1965ல ஆரம்பிச்ச கிட்டார் ருடால்ஃப் ஷெங்கர், மைனே, 1978ல இருந்து கிட்டார் வாசிக்கிற மத்தியாஸ் யாப்ஸ்னு மூணு பேரும் நிக்கிறாங்க. ட்ரம்ஸ்ல 2016ல இருந்து, முன்னாடி மோட்டர்ஹெட் பேண்ட்ல இருந்த மிக்கி டீ. வயசான பேண்டுக்கு ட்ரம்மர்தான் முதுகெலும்பு. அவன் தொய்ஞ்சா எல்லாப் பாட்டும் இழுத்துக்கிட்டே போகும்.

ஆனா உங்க விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. உலி ராத் 1978லயே விலகிட்டாரு. இவங்க மேடை 80களைச் சுத்தித்தான். 70கள் பாட்டெல்லாம் சுருக்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்து ஒரே மெட்லியா ஓடிடும், சில நிமிஷத்துல முடிஞ்சுடும். அதுக்காக மட்டும்னா போகாதீங்க. எந்த ஷோவுல என்ன பாட்டு வாசிச்சாங்கன்னு போடுற செட்லிஸ்ட் எஃப்எம் தளத்துல கடைசி அஞ்சாறு ஷோவை வரிசையா வச்சுப் பாருங்க, எல்லாத்துலயும் இருக்கிற பாட்டுதான் உங்களுக்கும் கிடைக்கும். உங்களுக்குப் பிடிச்சது ஆறு இருந்தா கிளம்புங்க, ரெண்டுதான்னா வேண்டாம்.

‘கடைசி டூர்’னு போட்டாலும் பதறாதீங்க. இவங்க விடைபெறுறோம்னு அறிவிச்சது 2010ல!

தேவிபட்டினம்_பிளேயர்:
எதுக்கு இவ்வளவு? நல்ல ஹெட்போன்ல லைவ் ஆல்பம் கேட்டா முடிஞ்சது.

மண்டபம்_மிக்ஸர்:
லைவ் ஆல்பத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க, பல ஆல்பங்கள்ல ஸ்டுடியோல உக்கார்ந்து ஒட்டுப்போட்டிருப்பாங்க. கடைசி ரெண்டு மாசத்துல கூட்டத்துல நின்னவங்க போன்ல எடுத்த வீடியோதான் சாட்சி. அதுலயும் சத்தத்தோட தரத்தைத் தேடாதீங்க. போன் மைக் பெரிய சத்தத்தைத் தானா அமுக்கிடும், பேஸ் உடைஞ்சு கேட்கும். சுருதியும் வேகமும் மட்டும் பொய் சொல்லாது.

முதல் மூணு பாட்டை விட்டுடுங்க, அப்போ எல்லாருக்கும் குரல் இருக்கும். பன்னிரண்டாவது பாட்டுக்கு மேல போங்க. டியூனர் ஆப்பைத் திறந்து, ஆல்பத்துல இருக்கிற சுருதியோட ஒப்பிடுங்க. அரைச் சுருதி இறக்கியிருந்தா குத்தமே இல்ல, எழுபது தாண்டின தொண்டைக்கு அதுதான் நியாயம். ஒண்ணரை, ரெண்டு இறக்கியிருந்தா கிட்டாரோட கூர்மையும் சேர்ந்து போயிடும். உச்சஸ்தாயி வரும்போது பாடகர் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டுறாரா, பக்கத்துல நிக்கிறவங்க அந்த வரியை எடுத்துக்கிறாங்களான்னு கவனிங்க. மைக் வாயை விட்டு விலகின பிறகும் குரல் அதே கனத்துல வந்தா டிராக் ஓடுது, அதாவது முன்னாடியே பதிவு பண்ணின குரல். கோரஸ்ல லேசா டிராக் இருந்தா நான் மன்னிச்சுடுவேன், தனி வரியில இருந்தா மாட்டேன்.

டீப் பர்ப்பிள் பேண்ட் இதுல நேர்மை. ‘சைல்ட் இன் டைம்’ல இருக்கிற உச்சத்தைப் பாடகர் இயன் கில்லனால தொட முடியலன்னதும் பாட்டையே பல வருஷத்துக்கு முன்னாடி எடுத்துட்டாங்க. மைனேயும் பழைய உயரத்தைத் துரத்தாம, நடுஸ்தாயியில நிதானமா நிக்கிறவர். 80களோட தொடக்கத்துல குரல் நாண்ல அறுவை சிகிச்சை பண்ணி மீண்டவர்ங்கிறதையும் சேர்த்துப் பாருங்க. விசில்ல ஆரம்பிக்கிற ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ பாட்டுல 2022ல இருந்து முதல் வரிகளை உக்ரைனுக்காக மாத்திப் பாடுறார், ஆல்பம் வரியை எதிர்பார்த்துக் கத்தாதீங்க.

நடுவுல நீளமா ட்ரம் சோலோ வந்தா சலிச்சுக்காதீங்க, அது பாடகர் தொண்டை நனைக்கிற நேரம். டூர் தேதியையும் பாருங்க. முந்தின ஊருக்கும் பெங்களூருக்கும் நடுவுல ரெண்டு நாளாவது இடைவெளி இருந்தா நல்லது.

பாம்பன்_ரிதம்:
அண்ணே, அப்போ டிக்கெட் எதுல எடுக்க? மேடைக்கு ஒட்டின ஃபேன் பிட்டா, பின்னாடியா?

மண்டபம்_மிக்ஸர்:
முகம் பார்க்கணும்னா பிட். பாட்டு கேட்கணும்னா மிக்ஸர் கூடாரத்துக்குப் பக்கம், மேடைக்கு நேர் நடுவுல. சவுண்ட் ஆள் காதுக்கு எது சரியோ அதுதான் அங்க கேட்கும். பிட்ல மெயின் ஸ்பீக்கர் உங்க தலைக்கு மேல போயிடும். சப்-ஊஃபர் நெஞ்சுல அடிக்கும், குரல் அமுங்கும். ரொம்பப் பின்னாடி போனா திறந்தவெளியில காத்து உயர் சத்தத்தைக் கலைச்சுடும். நம்ம ஊர்த் திருவிழாவுல கடல்காத்து திரும்பும்போது மைக் செட் சத்தம் வந்து வந்து போகுமே, அதேதான்.

காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல்னா எட்டு மணி நேரம் தாங்கும், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100க்கு வந்தா பதினஞ்சே நிமிஷம். ராக் ஷோ ஒன்றரை மணி நேரம் அங்கதான் நிக்கும். மெடிக்கல்ல கிடைக்கிற பஞ்சு வகையை விரல்ல மெலிசா உருட்டி, மறு கையால காது மடலை மேல இழுத்துச் செருகி, விரியற வரைக்கும் அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். சும்மா வாசல்ல சொருகினா பயனில்ல. பஞ்சு வகை உயர் சத்தத்தை அதிகமா வெட்டும், பாட்டு மங்கும். இசைக்காரங்க போடுற ஃபில்டர் வகை 15-20 டெசிபலை எல்லாத்துலயும் சமமாக் குறைக்கும், கொஞ்சம் செலவு பண்ணி அதை வாங்குங்க.

பரமக்குடி_வண்டி:
வழி நான் சொல்றேன். தீவுல இருந்து ரயிலை நம்பாதீங்க, ஐப்பசி கார்த்திகைல காத்து கூடினா பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்திடுவாங்க. பஸ்ல மதுரை வந்துடுங்க. அங்கேருந்து வந்தே பாரத் அதிகாலை 5 மணியை ஒட்டிக் கிளம்பி மதியம் 1 மணிவாக்குல பெங்களூர் கண்டோன்மென்ட் சேரும், செவ்வாய்க்கிழமை கிடையாது. அதுக்கு முதல் நாள் ராத்திரியே மதுரையில இருக்கணும். இல்லன்னா தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா காலைல இறங்கிடலாம்.

திரும்பறதுலதான் பலரும் மாட்டுவாங்க. ராத்திரி 10க்கு மேல திறந்தவெளி ஸ்பீக்கர் கூடாதுங்கிறது சட்டம், அதனால ஷோ 10க்கு முடியும். ஆனா கூட்டத்துல இருந்து வெளிய வரவே ஒரு மணி நேரம் ஆகும். நைஸ் கிரவுண்ட்ஸ் மைதானத்துல ஷோ நடந்தா துமகூரு ரோட்டுல மாதாவரா மெட்ரோ இருக்கு, பச்சை லைன்ல நேரா மெஜஸ்டிக். கடைசி ரயில் எத்தனை மணிக்குன்னு அன்னிக்கே பார்த்து வைங்க. சில்க் போர்டுல 11 மணிக்கு ஏறுற மாதிரி பஸ் போட்டீங்கன்னா வண்டி போயிடும், அது ஊரோட மறுகோடி. மெஜஸ்டிக் பக்கம் ரூம் போட்டு, மறுநாள் மதியம் கண்டோன்மென்ட்ல வந்தே பாரத் பிடிச்சா ராத்திரி 10க்குள்ள மதுரை.

ரூம், ரயில் ரெண்டையும் ரத்து பண்ண முடியற மாதிரியே போடுங்க. 2011ல மெட்டாலிக்கா பேண்டோட குர்கான் ஷோ ரத்தாச்சு, ரெண்டு நாள் கழிச்சு பெங்களூர்ல மட்டும் நடந்துச்சு. டிக்கெட் காசு திரும்பி வந்தாலும் புக்கிங் கட்டணம் வராம போகலாம், வாங்கறதுக்கு முன்னாடி விதிமுறையைப் படிங்க.

பாம்பன்_ரிதம்:
செட்லிஸ்ட் பார்த்தேன் காக்கா. மெட்லியைத் தள்ளினாலும் எனக்குப் பிடிச்சது எட்டு தேறுது. தடைக்காலத்துக்குள்ள தேதி விழுந்தா மிக்ஸர் கூடாரம் பக்கம் நிக்கிறேன், இல்லன்னா கிட்டார்தான்.

கீழக்கரை_ட்ரம்ஸ்:
பவர் பேங்க், தண்ணி பாட்டில் உள்ள விட மாட்டாங்க. அடையாள அட்டை அசல் எடுத்துக்கங்க, சில இடத்துல கைப்பட்டை வாங்கவே அது வேணும்.