மாருதி 800-க்கு கம்மி பட்ஜெட்டுல மியூசிக் சிஸ்டம், என்ன போடலாம்?

திருச்சி800:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 1997-ல புதுசா எடுத்த மாருதி 800 இன்னும் வீட்டுல நிக்குது, கார்புரேட்டர் வண்டி, ஏசி கிடையாது, ஓடுனது மொத்தமே 1,12,000 கிலோமீட்டர்தான். இப்பதான் டிங்கரிங் பெயிண்ட் முடிச்சு ஆர்சியும் ரினியூவல் பண்ணி வாங்கியிருக்கோம், அதுலயே கை சுட்டுருச்சு. மியூசிக்குக்கு 6,000 ரூபாக்கு மேல ஒத்த பைசா தரமாட்டேன்னு வீட்டுல ஸ்ட்ரிக்டா சொல்லிட்டாங்க. டேஷ்போர்டுல அந்தக் காலத்து கேசட் பிளேயர் இருக்கு, லைட் எரியுது சத்தம் வரல. பின்னாடி டிரேல ரெண்டு ரவுண்டு ஸ்பீக்கர், பேப்பர் எல்லாம் கிழிஞ்சு தொங்குது.

எனக்கு வேணும்னா ப்ளூடூத், யுஎஸ்பி. அப்பாவுக்கு எஃப்எம் கேக்கணும், அவ்வளவுதான். இங்க ஒரு கடைல கேட்டா ஆண்ட்ராய்டு ஸ்கிரீன், நாலு சேனல் ஆம்ப் (சத்தத்தைக் கூட்டற தனிப் பெட்டி), பேஸ் டியூப் (குழாய் மாதிரி இருக்கற பேஸ் ஸ்பீக்கர்)னு அடுக்கி 18,000 சொல்றாங்க. "இந்த வண்டிக்கு ஆம்ப் இல்லாம சத்தமே கேக்காது சார்"ங்கறாங்க. நிஜமாவா? சின்ன வண்டிதானே, நாலு பேரு உக்காந்தாலே முட்டி இடிக்குது. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

புதுப்பேட்டை_பாண்டி:
தம்பி, கடைக்காரன் சொன்னதுல ஆம்ப் விஷயம் சுத்தப் பொய், ஸ்கிரீன் விஷயம் வேண்டாத செலவு. நான் 2003-லேர்ந்து 800 ஓட்டுறேன், இப்ப இருக்கறது மூணாவது 800, மூணுலயும் நானே செட்டு மாத்தியிருக்கேன்.

மொதல்ல உங்க டேஷ்ல இருக்கறது சிங்கிள் டின் ஓட்டை. 18 சென்டிமீட்டர் அகலம் 5 சென்டிமீட்டர் உயரம், உலகம் பூரா ஒரே சைஸ், அதனால 97 வண்டில 2025 செட்டு அப்படியே உக்காரும். டபுள் டின் (உயரம் இதுக்கு ரெண்டு மடங்கு) ஸ்கிரீன் மாட்டணும்னா டேஷ்போர்டை அறுக்கணும். பெயிண்டுக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு டேஷ்போர்டுல ரம்பம் வெக்கறது மகா பாவம், அறுத்துட்டா ஒரிஜினல் டேஷ்போர்டுக்கு பழைய பார்ட்ஸ் கிடைக்கற எங்க புதுப்பேட்டையிலயே நாய் மாதிரி அலையணும்.

சிடி இல்லாத செட்டா வாங்குங்க. உள்ள மெக்கானிசம் கிடையாது, அதனால நீளம் பாதிதான் இருக்கும், பின்னாடி வயரை மடக்கி வெக்க இடம் தாராளமா கிடைக்கும். சோனி, பயனியர், கென்வுட், ஜேவிசி எதுவா இருந்தாலும் பரவால்ல, எது ஆஃபர்ல வருதோ அது. ஆனா பேரே தெரியாத செட்டை 900 ரூபாய்க்கு ஆன்லைன்ல பாத்து மயங்கிடாதீங்க, அதுல எஃப்எம் ரொம்ப மட்டமா இருக்கும், உங்கப்பா ரெண்டே நாள்ல கடுப்பாயிருவாரு.

இப்ப வாட்ஸ் கதை. பாக்கெட்ல 50 வாட்ஸ் இன்ட்டு 4, 55 இன்ட்டு 4னு போட்டிருக்கும். நம்பாதீங்க. வண்டி ஓடும்போது கரண்டு 14.4 வோல்ட்டு, ஸ்பீக்கர் 4 ஓம், கணக்குப் போட்டாலே ஒரு சேனலுக்கு சுத்தமா வர்றது 26 வாட்ஸைத் தாண்டாது, உள்ள ஆகற நஷ்டம் போக 15லேர்ந்து 20தான் நிஜம். அது போதுமானு கேட்டா, 800 உள்ள தாராளமா போதும்! காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ரெண்டு அடிதான் இருக்கு. ஆம்ப் இல்லாததால சத்தம் குறைஞ்ச வண்டிய நான் இதுவரைக்கும் பாத்ததில்ல, வயரிங் கேவலமா இருந்து சத்தம் கெட்ட வண்டிய நூறு பாத்திருக்கேன்.

அதனால காசை இப்படிப் பிரிங்க. செட்டு ரெண்டாயிரத்து ஐநூறு மூவாயிரத்துக்குள்ள, முன்னாடி 4 இன்ச் கோஆக்ஸியல் (ட்வீட்டரும் சேந்தே வர்ற ஸ்பீக்கர்) ஒரு ஜோடி ரெண்டாயிரம் சொச்சம், மிச்சம் வயர், பியூஸ், ஸ்லீவ், டேப். பின் ஸ்பீக்கர் இப்போதைக்கு வேணாம், காசு சேந்தப்புறம் பாத்துக்கலாம். சென்னை வந்தா வயர், கப்ளர், பியூஸ் ஹோல்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல எடுங்க, செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் ஜிபி ரோட்டுல நாலு கடை ஏறி இறங்குங்க, முதல் கடை சொல்ற விலைல வாங்கிட்டு வந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல.

கோவை_வயர்மேன்:
பாண்டி அண்ணன் சொன்னதுக்கு மேல ஒரே ஒரு விஷயம், ஆனா முக்கியமானதுங்க, இதைப் படிக்காம செட்டைக் கழட்டாதீங்க.

பழைய கேசட் பிளேயர் நிறைய மாடல்ல ஸ்பீக்கருக்கு ஒத்த வயர்தான் போகும், இன்னொரு வயரை அங்கயே பாடில எர்த்து பண்ணி வெச்சிருப்பாங்க. இல்லன்னா ரெண்டு ஸ்பீக்கர் மைனஸையும் ஒண்ணா முறுக்கி விட்டிருப்பாங்க. அந்தக் காலத்து செட்டுக்கு அது சரி. இப்ப வர்ற செட்டுல ஸ்பீக்கர் மைனஸ்லயும் வோல்டேஜ் இருக்கும், அதைப் பாடில தொட்டீங்கன்னா செட்டு உடனே புரொடெக்ஷனுக்குப் போகும், அதாவது தன்னைக் காப்பாத்திக்க தானே அணைஞ்சிரும், கெட்ட நேரம்னா உள்ள இருக்கற சவுண்டு ஐசியே (சிப்) போயிரும். வாரத்துக்கு ஒரு கஸ்டமராவது "புது செட்டு சார், போட்டு பத்து நிமிஷத்துல செத்துப்போச்சு"ன்னு எங்கிட்ட வருவாங்க, பாத்தா பழைய ஸ்பீக்கர் வயர்லயே சேத்து முறுக்கியிருக்கும். அதனால பழைய வயரைத் தூக்கிப் போட்டுட்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டுலேர்ந்து ரெண்டு வயர் புதுசா இழுங்க. பத்து மீட்டர் வயர் என்ன பெரிய விலையா.

கலர் பெரும்பாலும் எல்லா செட்டுக்கும் ஒண்ணுதான், இருந்தாலும் டப்பால ஒட்டியிருக்கற படத்தோட ஒருதடவை ஒத்துப் பாருங்க. மஞ்சள் எப்பவும் பேட்டரி 12 வோல்ட்டு, சிவப்பு சாவி போட்டா மட்டும் வர்றது, கருப்பு எர்த்து. வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, அதே கலர்ல கருப்புக் கோடு போட்டது மைனஸ். ஊதாவும் பச்சையும் இப்ப வேணாம்னா ஒவ்வொரு முனையையும் தனித்தனியா டேப் சுத்தி மடக்கிடுங்க, நாலையும் ஒண்ணா முறுக்கி டேப் போட்டா மேல சொன்ன கதைதான்.

மீட்டர் ஒண்ணு 300 ரூபாய்க்குக் கிடைக்குதுங்க, வாங்கி வெச்சுக்கோங்க. வண்டிப் பக்கம் இருக்கற வயர் கலரை நம்பவே நம்பாதீங்க, 28 வருஷத்துல எத்தனை பேர் கை வெச்சிருப்பாங்களோ.

மதுர_மைனர்:
மேல சொன்ன மஞ்சள் சிவப்பு மேட்டர்ல எனக்கு நடந்ததைச் சொல்லிர்றேன். நம்ம ஊர்ல ஒரு கடைல செட்டு மாட்டுனேன், பேரு வேணாம், அந்த ஆளு சாவில லைன் எடுக்க சோம்பேறித்தனப்பட்டு சிவப்பையும் மஞ்சளையும் ஒண்ணாச் சேத்து நேரா பேட்டரில குடுத்துட்டாரு. சாவி எடுத்தாலும் செட்டு பாடும், ஜாலியா இருக்கேன்னு நானும் விட்டுட்டேன். ஒரு நாள் சவுண்டை ஜீரோ பண்ணிட்டு ஆஃப் பண்ண மறந்து கொடைக்கானல்ல லாட்ஜ் வாசல்ல வண்டிய விட்டுட்டு மூணு நாள் கழிச்சு வந்து செல்ஃப் அடிச்சா டிக் டிக்குங்குது, அவ்வளவுதான். 800 பேட்டரி 35 ஏஹெச்தான் மாப்ள (ஒரு ஆம்பியர் இழுத்தா 35 மணி நேரம்னு கணக்கு), செட்டு சும்மா அரை ஆம்பியர் இழுத்தாலும் 70 மணி நேரத்துல காலி. குளிர் வேற. அந்த மேட்டுல பொண்டாட்டி, மச்சினன், லாட்ஜ் வாட்ச்மேன் மூணு பேரும் தள்ளுனாங்க, இன்னைக்கு வரைக்கும் கல்யாண வீட்டுல அதைச் சொல்லித்தான் ஓட்டுறாங்க.

ஒழுங்கா மாட்டுனா செட்டு தூங்கும்போது இழுக்கறது சில மில்லி ஆம்பியர்தான், மாசக்கணக்குல நிப்பாட்டலாம். அதனால கடைல பக்கத்துலயே நின்னு பாருங்க, சாவிய எடுத்தா செட்டு அணையணும்.

யாழ்_மொரிஸ்:
நான் யாழ்ப்பாணம். என்னட்ட இருக்கிறது மொரிஸ் மைனர், அப்பப்பா காலத்துக் கார். உங்கட கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனா இதைப் பாத்திட்டு இன்னும் பழைய கார் வச்சிருக்கிற ஆக்கள் ஆரும் அப்பிடியே செய்து போடுவினம் எண்டு பயமாக் கிடக்கு, அதுதான் எழுதுறன். மொரிஸ் மைனர், பழைய ஒஸ்ரின் எல்லாம் பொசிற்றிவ் எர்த். கார் பொடிதான் பிளஸ். இப்பத்தைய செற்றின்ர தகரம் மைனஸ், ரெண்டும் முட்டினா புகைதான். நான் கடைசியில காரையே நெகற்றிவ் எர்த்துக்கு மாத்தினனான். பற்றரியைத் திருப்பி, கொயில் வயர் ரெண்டையும் மாத்தி, டைனமோவின்ர எஃப் முனையில பற்றரிப் பிளஸ்ஸை ஒரு செக்கன் தொட்டு எடுக்கவேணும், அப்பத்தான் அது புதுப் பக்கத்துக்குச் சாச் பண்ணும். அதுக்குப் பிறகும் ஐடிலிங்கில டைனமோ ஒண்டும் தராது, சிக்னலில நிண்டு பாட்டுக் கேட்டா பற்றரியைத்தான் தின்னும். உங்கட 800-இல ஒல்ரனேற்றர் இருக்கு, பொடியும் மைனஸ், குடுத்து வச்சனீங்கள்!

திருச்சி800:
அண்ணன்களா ரொம்ப நன்றி, யாழ்ப்பாணத்து அண்ணனுக்கும் நன்றி, மொரிஸ் மைனர் போட்டோ ஒண்ணு போடுங்களேன். ஒரு சந்தேகம், முன் ஸ்பீக்கரை எங்க வெக்கறது? என் டோர்ல ஓட்டையே இல்ல, வெறும் அட்டை, வயர் போற வழியும் இல்ல. அப்புறம் ஃப்ரெண்டு வண்டில ஆக்சிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர்ல கொய்ய்ய்னு சத்தம் ஏறுது, அது இதுலயும் வருமா?

புதுப்பேட்டை_பாண்டி:
டோர்லதான் வெக்கணும் தம்பி, கீழ முன் மூலைல. அட்டையக் கழட்டி மொதல்ல கண்ணாடிய ஃபுல்லா இறக்கிப் பாருங்க, மேக்னட்டுக்கும் கண்ணாடிக்கும் இடம் இருக்கானு ஸ்கேல் வெச்சு அளந்துட்டு அப்புறம் ஓட்டை போடுங்க. நான் முதல் வண்டில அளக்காம போட்டு கண்ணாடி முக்கால்வாசில நின்னுருச்சு, ஒரு வருஷம் டோல்கேட்ல கதவைத் திறந்துதான் காசு குடுத்தேன். மெல்லிசு மேக்னட் மாடலா கேட்டு வாங்குங்க.

மழைத் தண்ணி கண்ணாடி வழியா டோருக்குள்ள இறங்கும், அது ஸ்பீக்கர் தலைல கொட்டும். ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டிலைப் பாதியா நெடுக்க வெட்டி ஸ்பீக்கருக்கு மேல குடை மாதிரி ஒட்டிருங்க, ஜீரோ செலவு. வயருக்கு பில்லர்லயும் டோர்லயும் ஓட்டை போட்டு ரப்பர் கிரமெட் (தகரம் வயரை அறுக்காம இருக்க ஓட்டைல மாட்டற வளையம்) கண்டிப்பா போடணும், தகரம் வெட்டுன இடத்துல துருப்பிடிக்காம இருக்க ரெட் ஆக்சைடு தடவிருங்க. மிச்சக் காசு இருந்தா டோர் வெளித் தகரத்துக்கு உள்பக்கமா டேம்பிங் ஷீட் (தகரம் அதிராம அடக்கற ஷீட்) ஒட்டுங்க, கதவு சாத்தற சத்தமே மாறும், டங்குனு கேட்டது டொப்புனு கேக்கும். பேஸ் டியூப்ல போடற காசுக்கு இது எவ்வளவோ மேல்.

கோவை_வயர்மேன்:
அந்த கொய்ங் சத்தத்துக்கு இப்படிப் பாருங்க. யுஎஸ்பில பாடும்போதும் வருது, ரேஸ் பண்ணா ஏறுதுன்னா ஆல்டர்னேட்டர் (வண்டி ஓடும்போது பேட்டரிய சார்ஜ் பண்றது) சத்தம், முக்கால்வாசி எர்த்து சரியில்ல. செட்டோட கருப்பு வயரை டேஷ்ல ஏதோ ஒரு ஸ்க்ரூல சொருகாம பாடில பெயிண்டைச் சுரண்டி பளபளன்னு தகரம் தெரிய வெச்சு போல்ட்டு போட்டு இறுக்குங்க. உங்க வண்டி புது பெயிண்ட் வேற, பேட்டரியிலேர்ந்து பாடிக்குப் போற எர்த்து கேபிள் அடிலயும் பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க, அதையும் பாருங்க. எஃப்எம்ல மட்டும் டிக்டிக்னு வருதுன்னா பிளக், பிளக் வயர், இல்ல ஏரியல். பில்லர்ல இருக்கற இழுக்கற ஏரியல் அடி துருப்பிடிச்சிருந்தா மாத்திருங்க, சல்லிசுதான். வண்டி ஸ்டார்ட்ல பேட்டரில 13.8க்கும் 14.4க்கும் நடுவுல காட்டணும், 13க்குக் கீழன்னா செட்டு வாங்கற காசுல முதல்ல ஆல்டர்னேட்டரைப் பாருங்க.

திருச்சி800:
அப்டேட். ஞாயித்துக்கிழமை நானும் அப்பாவும் சேந்து மாட்டிட்டோம். மொத்தம் 5,740. பழைய செட்டைக் கழட்டுனா வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரியே ரெண்டு ஸ்பீக்கர் மைனஸும் ஒண்ணா முறுக்கி ஸ்க்ரூல கட்டியிருந்தாங்க! பேட்டரி எர்த்து அடிலயும் வெள்ளை பெயிண்ட்டு. சுரண்டினேன். மீட்டர்ல 14.1 காட்டுது. ஆம்ப் இல்லாமலே 20க்கு மேல சவுண்டு வெக்க முடியல, அம்மா பின் சீட்டுலேர்ந்து தலைல தட்டுறாங்க.

பழைய பிளேயருக்குள்ள ஒரு கேசட் மாட்டிக்கிட்டு இருக்கு, டேப் எல்லாம் ரோலர்ல சுத்தி இழுத்துருச்சு. அப்பா அதைத் தூக்கிப் போட விடமாட்டேங்கறாரு. டேப் அறுபடாம எடுக்க வழி இருக்கா யாராவது?

மதுர_மைனர்:
மேல் மூடியக் கழட்டுங்க, ரப்பர் ரோலர் கைய நெம்பி விலக்குனா டேப் லூசாயிரும். அப்புறம் பென்சிலை விட்டு மெதுவா சுத்துங்க. அவசரப்பட்டு இழுத்துராதீங்க.