சாம் ஹூஸ்டன் காட்டில் கூட்டமில்லாத பக்கம் எது?

ஹூஸ்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியார் கையில். அதனால் 48 டாலர் கொடுத்துப் பொதுநில வேட்டை அனுமதி எடுத்தவர்களில் பலரும் சாம் ஹூஸ்டன் தேசியக் காட்டில்தான் வந்து குவிகிறார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்கினால் கேட்கவே வேண்டாம்.

சாலையிலிருந்து ஒரு மைல் தள்ளி, ஓடைக்கு அந்தப் பக்கம் ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஓக் மரத்தடி முழுக்கக் கொட்டைகள்; இளமரங்களில் மான் கொம்பை உரசிப் பட்டை உரிந்த தடம், ஈரம்கூடக் காயவில்லை. ஆனால் பக்கத்திலேயே லோன் ஸ்டார் நடைபாதை போகிறது. ஆள் நடமாட்டத்தில் மான் கலைந்துவிடுமா, பழகிவிடுமா? வார நாளில் போனால் கூட்டம் குறையுமா?

அப்புறம், உங்கள் இடத்தை இங்கே போட்டு உடைக்க வேண்டாம். தனிச்செய்தியில் எந்தத் திசை என்று கோடி காட்டினால் போதும்.