நலங்கு மாவு அரைப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் தோழிகளே. அக்கா மகளுக்குக் கை, முழங்கால் எல்லாம் வறண்டு சொரசொரவென்று இருக்கிறது. கடை ஸ்க்ரப் எரிகிறது என்கிறாள். அதனால் வீட்டிலேயே நலங்கு மாவு அரைக்கப் போகிறேன். பச்சைப்பயறு 1 கிலோ. பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ, ரோஜா இதழ் தலா 100 கிராம். அளவு சரியா?

வெட்டிவேர்தான் யோசனையாக இருக்கிறது. எவ்வளவு அரைத்தாலும் நார் நின்று தோலைக் கீறும்; ஆனால் அந்த வாசனையை விட மனமில்லை. பொடியாக நறுக்கிக் காயவைத்து, தனியாக அரைத்துச் சலிப்பீர்களா, இல்லை குளிக்கிற தண்ணீரில் ஊறப்போட்டாலே போதுமா?

அப்புறம், வறண்ட சருமத்துக்குத் தயிரில் குழைப்பது நல்லதா, பாலாடையிலா? மில்லில் நமக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? மழை பிடிப்பதற்குள் எல்லாவற்றையும் காயவைக்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.