ஹைபிரிட் காரின் சின்னப் பெட்டரி இறங்குகிறதா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அனுபவங்கள்

கல்லடியிலிருந்து:

பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார் காலையில் உயிர் வராமல் நின்றால் நம்ம பக்கத்தில் முதலில் வருகிற பேச்சு “பெரிய பெட்டரி போயிட்டு” என்பதுதான். பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொல்வார், சில கராஜ்களிலும் அதையே சொல்வார்கள். என்னுடைய டொயோட்டா அக்வாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இலட்சக்கணக்கில் ஒரு கணக்கும் எழுதித் தந்தார்கள். கடைசியில் பார்த்தால் இறங்கிக் கிடந்தது பின் சீற்றுக்குக் கீழே இருக்கிற சின்ன 12 வோல்ட் பெட்டரி. இன்னொருவர் இப்படி வீணாகச் செலவழிக்கக் கூடாது என்றுதான் விரிவாக எழுதுகிறேன்.

கச்சான் காற்று அடிக்கிற காலம், பாடசாலை விடுமுறை. கார் சில நாட்களாக அசையாமல் நின்றது. ஒரு காலையில் ரிமோட்டை அமத்தினால் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிற இரும்புச் சாவியை இழுத்தெடுத்துத் திறந்தேன். பவர் பட்டனை அமத்தியதும் டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒருமுறை மினுங்கின, உள்ளே எங்கோ டிக் டிக் என்று அடித்தது, பிறகு சத்தமே இல்லை. கார் ஓடத் தயார் என்று காட்டுகிற ‘ரெடி’ விளக்கு வரவேயில்லை.

ஸ்கேன் பண்ண வந்தவர் பிழைகளைக் காட்டினார். பிரேக், ஸ்டியரிங், ஹைபிரிட் சிஸ்டம் என்று பெரிய பட்டியல். “இவ்வளவு பிழை வந்தால் பெரிய பெட்டரிதான் சேர்” என்றார். வயரிங் வேலை தெரிந்த என் மச்சான் அப்போது ஒன்றும் பேசாமல் வோல்ட் அளக்கிற மல்டிமீற்றரைக் கொண்டுவந்து சின்னப் பெட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்தார். பத்து வோல்ட்டுக்கும் கீழே காட்டியது. நல்ல பெட்டரி என்றால், கார் ஓடாமல் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்.

சாதாரண காரில் பெட்டரி இறங்கினால் ஸ்டார்ட்டர் முக்கி முனகும், நமக்கு உடனே விளங்கிவிடும். அக்வா, பிரியஸ் போன்றவற்றில் அந்தச் சத்தமே கிடையாது. இவற்றில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பெட்டரியின் மின்சாரம்; முதல் தலைமுறை அக்வாவில் அது 144 வோல்ட். சின்னப் பெட்டரிக்கு இருக்கிற வேலை கம்பியூட்டர்களை எழுப்புவதும், பெரிய பெட்டரியை இணைக்கிற ரிலே சுவிட்சுகளை மூடுவதும்தான். அந்தச் சின்ன வேலைக்கும் சக்தி இல்லாவிட்டால் பெரிய பெட்டரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் கார் அசையாது. வோல்ட் குறைவதால் கம்பியூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முடியாமல் கண்டபடி பிழை எழுதிவைக்கும். ஆகவே சின்னப் பெட்டரியைச் சரிசெய்து, பிழைகளை அழித்துவிட்டு, மறுபடி ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். அதற்குப் பிறகும், பெரிய பெட்டரி பழுது என்பதற்கான பி0ஏ80 என்ற பிழை திரும்பி வந்தால், அப்போது பெரிய பெட்டரியைப் பற்றிப் பேசலாம். எனக்கு அது வரவில்லை. இன்றுவரை அதே பெரிய பெட்டரிதான்.

பின் சீற்றைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அக்வாவில் பெரிய பெட்டரியும் அதே இடத்தில்தான் இருக்கிறது. செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள்.

கல்முனையிலிருந்து:

சேர் சொல்வது முழுக்கச் சரி. என்னிடம் இருப்பது பிரியஸ், மூன்றாம் தலைமுறை. அதில் சின்னப் பெட்டரி டிக்கிக்குள் வலது பக்கம் இருக்கிறது. டிக்கி திறப்பதோ கரண்டில். பெட்டரி இறங்கினால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பெட்டரியிடம் போக முடியாது! பின் சீற்றை மடித்து, அதற்குள்ளால் தவழ்ந்துபோய்த்தான் முதல் தடவை எடுத்தோம்.

அதெல்லாம் தேவையே இல்லை என்று பிறகு சாய்ந்தமருதில் ஒரு மெக்கானிக் காக்கா காட்டித் தந்தார். போனட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினால் உள்ளே சிவப்பு மூடியோடு ஒரு முனை இருக்கிறது. இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுக்கிற ஜம்பர் வயரின் சிவப்பை அதில் போட வேண்டும், மறுமுனையை மற்றக் காரின் பிளஸில். கறுப்பை மற்றக் காரின் மைனஸில் போட்டுவிட்டு, கடைசியாக அதன் மறுமுனையை நம் காரின் எஞ்சின் பக்கத்தில் பெயின்ற் இல்லாத இரும்பில். மற்றக் காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பட்டனை அமத்தினால் ‘ரெடி’ வந்துவிடும். அக்வாவிலும் அந்தச் சிவப்பு மூடி இருக்கிறது.

வாழைச்சேனையிலிருந்து:

ஜம்பர் வயரை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள், தயவுசெய்து. பிளஸ், மைனஸ் மாறிப் போட்டதால் எங்கள் ஒழுங்கையில் ஒருவரின் காருக்குப் பிரதான ஃபியூஸ் போய்விட்டது. அது ஃபியூஸோடு நின்றது அவருடைய அதிர்ஷ்டம், மோட்டருக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற இன்வேர்ட்டர் பக்கமும் அடித்திருக்கும். அதேபோல ஹைபிரிட் காரிலிருந்து லொறிக்கோ டீசல் வானுக்கோ கரண்ட் கொடுக்கப் போகாதீர்கள். நம் சின்னப் பெட்டரி ஒரு ஸ்டார்ட்டரைச் சுற்றுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. உதவி கேட்பவரிடம் மறுப்பது கஷ்டம்தான், ஆனாலும் மறுத்துவிடுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

கணவர் கட்டாரில். கார் கிழமையில் ஒருநாள், சில நேரம் இரண்டு நாள்தான் ஓடும். 2022இல் பெற்றோல் இல்லாமல் வீட்டோடு நின்ற காலத்தில் முதல் பெட்டரி போனது. அது பரவாயில்லை, ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனால் புதுப் பெட்டரி போட்ட பிறகும் ஒரு கிழமை நின்றால் இறங்கியது. கடைக்காரர் பெட்டரி பழுதில்லை என்றார், எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கார் நிற்கும்போது எவ்வளவு கரண்ட் இழுபடுகிறது என்று என் தம்பிதான் அம்பியர் பார்த்தான். எல்லாக் கதவையும் பூட்டி, ரிமோட்டைத் தூரக் கொண்டுபோய் வைத்து, கார் முழுவதும் உறங்கும்வரை காத்திருந்து பிறகு அளக்க வேண்டுமாம். அந்த நேரத்தில் 50 மில்லி அம்பியருக்குள் இருந்தால் நல்லது. எங்கள் காரில் கால் அம்பியர், அதாவது 250 மில்லி அம்பியர், காட்டியது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் டாஷ் கேமராவின் வயர் பிடிபட்டது. கார் நின்றாலும் அது படம் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கால் அம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 6 அம்பியர் மணி. 30 அம்பியர் மணி பெட்டரி ஐந்து நாளில் வெறுமையாகிவிடும். கேமராவின் வயரை, கார் ஓஃப் ஆனால் தானும் ஓஃப் ஆகிற ஃபியூஸுக்கு மாற்றினான். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

அலாரம், ஜி.பி.எஸ். ட்ராக்கர், பிறகு பூட்டிய ரேடியோ செற் எல்லாவற்றையும் இப்படிப் பார்க்க வேண்டும். புதுப் பெட்டரிக்குக் காசு கொடுக்க முன்னம் இந்த அளவையைக் கேட்டு வாங்குங்கள், என்னைப் போலக் காரைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற பெண்கள் முக்கியமாக. ஒரு மீற்றரும் கொஞ்ச நேரமும் போதும்.

ஒரு கேள்வி. கணவர் வந்து நின்றபோது போதனா வைத்தியசாலைக்கு வெளியே எனக்காகக் காத்திருந்து, காரில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றும் பெட்டரி இறங்கியது. செற் அவ்வளவு இழுக்குமா? மற்றது, என்ன பெட்டரி போடுவது நல்லது?

கல்லடியிலிருந்து, மறுபடி:

தங்கச்சி, அவர் ‘ரெடி’ இல்லாமல் பட்டனை மட்டும் அமத்திக் கேட்டிருப்பார். அந்த நிலையில் சின்னப் பெட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. ‘ரெடி’ போட்டு, கியரை ‘பி’யில் விட்டால் பெரிய பெட்டரியிலிருந்து 14 வோல்ட் அளவில் சின்னதுக்குச் சார்ஜ் போய்க்கொண்டே இருக்கும், தேவையானபோது எஞ்சின் தானாக ஓடி நிற்கும். காத்திருக்கும்போது ‘என்’னில் விடக் கூடாது, அதில் பெரிய பெட்டரி ஏறாது.

கொஞ்ச நேரம் ஓடினால் நிறைந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். முழுக்க இறங்கிய பெட்டரி அக்கரைப்பற்றிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து சேருவதற்குள் நிறையாது. வீட்டில் குறைந்த அம்பியரில் இரவு முழுக்கச் சார்ஜ் போடுவதுதான் நல்லது.

அக்வா, பிரியஸ் என்றால் பெட்டரி இருப்பது நாம் உட்காருகிற அறைக்குள். அமிலம் ஊற்றுகிற சாதாரணப் பெட்டரி விலை குறைவு என்று அங்கே வைக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து ஹைதரசன் வாயு வரும், அமிலப் புகையும் வரும். பிள்ளைகள் இருக்கிற சீற்றுக்குக் கீழே அது வேண்டவே வேண்டாம். அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சவைத்து மூடியிருக்கிற ஏ.ஜி.எம். வகையைக் கேளுங்கள், வாயுவை வெளியே கொண்டுபோகிற மெல்லிய குழாய் பழைய பெட்டரியில் இருந்தபடியே பூட்டியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். முதல் தலைமுறை அக்வாவில் பெட்டரியின் மேல் எஸ்34பி20ஆர் என்று இருக்கும். 20 என்பது நீளம், சென்ரிமீற்றரில். கடைசி எழுத்து முனைகள் எந்தப் பக்கம் என்பதற்கு. அது மாறினால் வயர் எட்டாது. கடைக்குப் போக முன்னம் பழைய பெட்டரியை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.