நொடாமே பாரிஸ் போனா, நம்ம மனசு ஜப்பான்லயே நின்னுடுச்சு

ரொம்பப் புடிச்ச அனிமேக்கு (ஜப்பான் கார்ட்டூன் தொடர்) அடுத்த பாகம் வந்து ஏமாந்த கதை எல்லார்கிட்டயும் ஒண்ணாவது இருக்கும். என்னோடது நொடாமே கன்டாபிலே. கதை கடைசி வரைக்கும் பேசப் போறேன், இன்னும் பாக்காதவங்க இப்பவே கெளம்பிடுங்க, அப்புறம் என்னத் திட்டக்கூடாது.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். நினோமியா டொமோகோ கிஸ்-ங்கிற பத்திரிகைல 2001ல ஆரம்பிச்ச மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்), அது வயசு வந்த பொண்ணுங்களுக்கான பத்திரிகை, அதனால இதுல ஸ்கூல் யூனிஃபார்ம், மொட்டைமாடில லவ் லெட்டர் எல்லாம் கெடையாது. டோக்கியோல ஒரு மியூசிக் காலேஜ். சியாகின்னு ஒருத்தன், பியானோ, வயலின் ரெண்டுலயும் புலி, ஆனா ஆசையெல்லாம் ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டர் ஆகறதுலதான். அதுக்கு ஐரோப்பா போகணும், சின்ன வயசுல ஃப்ளைட்ல பட்ட பயத்துனால ஃப்ளைட்லயே ஏற மாட்டான். ஒரு நாள் குடிச்சிட்டு வீட்டு வாசல்லயே விழுந்து கெடந்தவன் கண்ணு முழிச்சா பக்கத்து வீட்டுல இருக்கான், சுத்தி முழுக்க குப்பை, அதுக்கு நடுவுல ஒரு பொண்ணு பீத்தோவனோட பதேதிக் சொனாட்டாவ தன் இஷ்டத்துக்கு இழுத்து இழுத்து வாசிச்சிட்டு இருக்கா. அவதான் நொடாமே. நோட்ஸ் பாத்து ஒழுங்கா வாசிக்க வராது, ஆனா ஒரு தடவ கேட்டா அப்படியே வாசிச்சிடுவா.

2007ல வந்த முதல் சீசன், ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டுடியோ, கசாய் கெனிச்சி டைரக்‌ஷன், 23 எபிசோட். அத நான் எத்தன தடவ பாத்தேன்னு கேக்காதீங்க. அதுல என்ன அப்படி இருக்குன்னா அவங்க ரெண்டு பேரும் காதலிக்கறாங்கன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லவே வேணாம், வாசிக்கறதுலயே தெரிஞ்சிடும். தானியோகா வாத்தியார் ரெண்டு பேரையும் சேத்து மோசார்ட்டோட ரெண்டு பியானோவுக்கான சொனாட்டாவ வாசிக்க வெப்பாரு இல்ல, அத மறுபடி போட்டுப் பாருங்க. முதல்ல சியாகி கத்துவான், நிறுத்துவான், இங்க தப்பு அங்க தப்புன்னு உயிர வாங்குவான், நாள் போகப் போக அவனுக்கே புரியும் இவள கட்டிப் போட்டா ஒண்ணும் வராதுன்னு, கடைசில நீ உன் இஷ்டத்துக்கு வாசி நான் உன்கூட வந்துக்கறேன்னு சொல்லிடுவான். யாருக்கும் வளைஞ்சு குடுக்காதவன் ஒரு பொண்ணு போற வேகத்துக்குத் தன்னோட கைய மாத்திக்கறான்! இதுக்கு மேல எனக்கு வேற லவ் சீன் தேவையே இல்ல.

சீசன் முழுக்க இதேதான். ரிகர்சல், சண்டை, சாப்பாடு, மறுபடி ரிகர்சல். எஸ்-ஓகேன்னு ஒதுக்கி வெச்ச பசங்க ஆர்கெஸ்ட்ரா முதல்ல எவ்ளோ கேவலமா வாசிக்கும்னு காது குடுத்துக் கேட்டிருப்போம், அதனாலதான் அவங்க மேடை ஏறும்போது நமக்கு வயித்துல பட்டாம்பூச்சி பறக்கும். ஸ்கூல் விழாவுல சியாகி ராக்மானினாஃப் ரெண்டாவது கன்சர்ட்டோ (பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேந்து வாசிக்கறது) வாசிக்கறான், கீழ உக்காந்து கேக்கற நொடாமே மூஞ்சி மாறும் பாருங்க. சந்தோஷமும் இல்ல அழுகையும் இல்ல, இவன் எங்கயோ போயிட்டான் நான் இங்கயே இருக்கேன்ங்கற மாதிரி. அடுத்த நிமிஷம் எந்திரிச்சு ஓடிடுவா, பியானோகிட்டதான்.

இதெல்லாம் பாத்துட்டு 2008ல பாரிஸ் பாகம் வருதுன்னா எப்படி இருந்திருக்கும் நமக்கு! வந்துச்சு. 11 எபிசோட். டைரக்டர் மாறிட்டாரு, கோன் சியாகி (பேரு ஒண்ணுதான், நம்ம ஹீரோவுக்கு சொந்தக்காரர் இல்ல). ரெண்டாவது எபிசோட் முடியறதுக்குள்ள எனக்கு ஏதோ சரியில்லன்னு பட்டுடுச்சு. பிளாட்டினி கண்டக்டிங் போட்டி, சியாகியோட வாழ்க்கையே அதுல இருக்கு, இவங்க என்னடான்னா சடசடன்னு ரவுண்டு மாத்தி மாத்தி கைதட்ட வெச்சு கோப்பையக் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. அவன் தோத்துடுவானோன்னு ஒரு நொடி கூட பயம் வரல. முதல் சீசன்ல காலேஜ் பசங்க கச்சேரிக்கு நான் பட்ட டென்ஷன்ல கால்வாசி கூட உலக அளவுல நடக்கற போட்டிக்கு இல்லன்னா எங்கயோ இடிக்குதுல்ல.

கணக்கு போட்டாலே விஷயம் புரிஞ்சிடும். மாங்கால முதல் 9 வால்யூமுக்கு 23 எபிசோட். 10ல இருந்து 23 வரைக்கும், 14 வால்யூமுக்கு, பாரிஸ் 11, அதுக்கப்புறம் வந்த கடைசி பாகம் ஃபினாலே 11, சேத்து மொத்தமே 22. கல்யாண வீட்டுல கடைசிப் பந்தில உக்காந்த மாதிரி, சாம்பார் சாதத்துல கைய வெக்கறதுக்குள்ள மோர் வந்து நிக்குது. நொடாமே பாரிஸ் மியூசிக் காலேஜான கன்சர்வத்துவார்ல போயி உக்காந்து அனாலிசிஸ் க்ளாஸ்ல ஒண்ணும் புரியாம திருதிருன்னு முழிப்பா, ஒக்லேர் வாத்தியார் அவள பாப்பா பாப்பான்னே கூப்புடுவாரு, அந்த அவமானம் அவளுக்குள்ள எப்படி ஊறுதுன்னு ரெண்டு எபிசோட் உக்காந்து காட்டியிருக்கணும். காட்டல. டயலாக்ல சொல்லிட்டு நகந்துட்டாங்க.

அப்புறம் டோக்கியோ காலேஜ் கூட்டாளிங்க மினே எங்க? மசுமி எங்க? அவங்க ஜப்பான்ல இருக்காங்க, கதைப்படி சரிதான், தெரியும். ஆனா சியாகி ரூம்ல நொடாமே கொட்டாட்சுவ (அடியில ஹீட்டர், மேல போர்வை போட்ட குட்டை மேஜை) கொண்டு வந்து போட்டதும் ஒவ்வொருத்தனா வந்து அதுக்குள்ள கால நீட்டி அப்படியே சோம்பேறி ஆவானுங்களே, அந்த மாதிரி ஒரு வெட்டியான மத்தியானம் பாரிஸ்ல ரொம்ப கம்மி. ஃப்ராங்க், தான்யா, யுன்லோங் எல்லாம் நல்ல கேரக்டருங்கதான், பழகறதுக்கு டைம் குடுக்கலயே.

உங்க அனுபவத்தையும் சொல்லுங்க. இதே தொடர்தான்னு இல்ல, ஆனா இதப் பத்தின்னா இன்னும் சந்தோஷம்.

* * *

அண்ணா நான் இதுக்கு வந்த ரூட்டே வேற. 2006 டிவி டிராமாதான் முதல்ல பாத்தேன், உவேனோ ஜூரி நடிச்சது, அதுக்கப்புறம்தான் அனிமே. டிராமால 11 எபிசோட்லயே டோக்கியோ கதைய முடிச்சிட்டாங்க, அதுவும் அவசரம்தான், ஆனா ஒரு நடிகை மூஞ்சில பத்து விஷயம் ஒரே நேரத்துல ஓடும், அதனால சமாளிச்சிட்டாங்க. படம் வரையறப்போ அந்த வசதி கெடையாதே, ஒவ்வொண்ணையும் யாராவது உக்காந்து வரையணும், டைம் வேணும்.

அப்புறம் ஐரோப்பா கதைய டிராமா டீம் 2008 ஜனவரில ஸ்பெஷலா எடுத்தாங்க, மீதிய ரெண்டு சினிமாவா விட்டாங்க, 2009 டிசம்பர்ல ஒண்ணு, 2010 ஏப்ரல்ல ஒண்ணு. அனிமே ஃபினாலே 2010 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் ஓடுச்சு, அதாவது ரெண்டு படத்துக்கும் சரியா நடுவுல. மாங்கா முக்கிய கதை முடிஞ்சதே 2009ல. எல்லாத்தையும் ஒரே சமயத்துல எறக்கிடணும்னு ப்ளான் பண்ணியிருப்பாங்கன்னு எனக்கு ஒரு டவுட்டு. அப்படி இருந்தா எங்க போயி பொறுமையா எடுக்கறது?

எனக்கு மனசு விட்டுப் போனது பாரிஸ்ல இல்ல, ஃபினாலேல. ரவேல் கன்சர்ட்டோ மேட்டர். நொடாமே அந்த ஜி மேஜர் கன்சர்ட்டோவக் கேட்டதும் இத சியாகி சென்பாய்கூட (சென்பாய்னா சீனியர்) வாசிக்கணும்னு குழந்த மாதிரி ஆசப்படுவா. கடைசில சியாகிகூட அத வாசிக்கறது ரூயிங்கற இன்னொரு பியானிஸ்ட். நொடாமே என்னெல்லாம் மனசுல கற்பன பண்ணி வெச்சிருந்தாளோ அதையெல்லாம் இன்னொருத்தி மேடைல பண்ணிட்டுப் போறா. மாங்கால இந்த எடத்துல நான் பக்கத்தத் திருப்பாம அப்படியே உக்காந்திருந்தேன். அனிமேல நல்லாத்தான் இருக்கு, அழுதேன், ஆனா அதுக்கு அடுத்து அவ உள்ளுக்குள்ள ஒடையறதுக்கு எடமே விடாம கல்யாணம் பண்ணிக்கோங்கன்னு சியாகிகிட்ட கேக்கறதுக்கு ஓடிடறாங்க. அந்தக் கேள்வி எவ்ளோ பயத்துல இருந்து வருதுன்னு தெரியாதவங்களுக்கு அது எப்பவும் போல அவ உளர்ற மாதிரிதான் படும். என் தங்கச்சி அந்த எடத்துல சிரிச்சிட்டா, எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல.

* * *

ப்ரோ ரெண்டு பேருக்கும் ஒரு கும்பிடு, ஆனா நான் எதிர்க்கட்சி. மாங்கா முழுசா படிச்சவன்ங்கற தைரியத்துல சொல்றேன், பாரிஸ் கதையே அப்படித்தான். ஜப்பான்ல ரெண்டு பேரும் அடுத்தடுத்த வீடு, ஒரே காலேஜ், ஒரே சாப்பாட்டு மேஜை. ஐரோப்பால சியாகி டூர்ல இருக்கான், ரூ-மார்லே ஆர்கெஸ்ட்ராவ மேய்ச்சிட்டு இருக்கான், நொடாமே பிராக்டிஸ்ல இருக்கா. பிரிஞ்சு இருக்கறதுதான் அங்க விஷயம். முதல் சீசன்ல இருந்த நெருக்கத்த அங்க போயி தேடினா எப்படி கெடைக்கும்? வேலைக்குப் போற ரெண்டு பேர் காதல் அப்படித்தான் இருக்கும், வாரத்துல ரெண்டு நாள் மூஞ்சி பாத்தா பெரிசு. காலேஜ் லவ்வே முழுசும் வேணும்னா அது நம்ம பிரச்சின.

அதுலயும் சில எடமெல்லாம் முதல் சீசனுக்குக் கொஞ்சமும் கொறஞ்சது இல்ல. ஃப்ரெஞ்சு ஒரு வார்த்த தெரியாம வந்து எறங்கினவ, ஃப்ராங்க்கிட்ட இருக்கற புரிகொரோட்டா கார்ட்டூன ஃப்ரெஞ்சுல திரும்பத் திரும்பப் பாத்து மனப்பாடம் பண்ணியே பேசக் கத்துப்பா பாருங்க, நொடாமேன்னா அதான்! பாஷையையும் காதுலயே புடிக்கறா. அப்புறம் பிரிட்டானி பக்கம் போயி முதல் தடவ தனியா ஒரு கச்சேரி, மோசார்ட்டோட ட்விங்கிள் ட்விங்கிள் வேரியேஷன்ஸ், அந்த எபிசோட இப்பவும் நான் தனியா எடுத்துப் பாப்பேன். சியாகியோட ரூ-மார்லே ஆர்கெஸ்ட்ரா ரவேலோட பொலேரோவ வாசிச்சு மானத்த வாங்கும், அந்த மாதிரி மோசமான கச்சேரிய வேற எந்த அனிமேலயும் இவ்ளோ ரசிச்சு காட்டினது இல்ல, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிடுச்சு.

டைரக்டர திட்டாதீங்க ப்ளீஸ். நொய்டமினாங்கற ராத்திரி அனிமே ஸ்லாட்ல அப்போ ஒரு தொடருக்கு 11 எபிசோட்தான் வழக்கம். 23 கெடைச்ச முதல் சீசன்தான் அதிர்ஷ்டம். கசாய் இருந்திருந்தாலும் 11தான்.

* * *

முதல் போஸ்ட் போட்டவன்தான் திரும்ப வந்திருக்கேன்.

எதிர்க்கட்சி நண்பா, பொலேரோ மேட்டர் ஒத்துக்கறேன், அது சூப்பர். டைரக்டர் மேல எனக்கும் தனிப்பட்ட கோவம் எதுவும் இல்ல. ஆனா "பிரிஞ்சு இருக்கறதுதான் விஷயம்"ன்னு சொன்னீங்களே, அதேதான் நானும் கேக்கறேன். பிரிவுன்னா அது எனக்கு நீளமா தெரியணும்ல? அவன் இல்லாத சாயங்காலம், அவ மட்டும் உக்காந்து வாசிக்கற ஒரே பாட்டு, ஃபோன் வருமான்னு பாக்கறது. அதுக்கெல்லாம் நிமிஷம் வேணும். முதல் சீசன் முடியப் போறப்போ நொடாமே மரடோனா பியானோ போட்டில தோத்துட்டு ஊருக்குப் போயிடுவா, ஃபோன எடுக்க மாட்டா, நொடாமே இல்லாத பக்கத்து வீடு எவ்ளோ அமைதியா இருக்குன்னு சியாகிக்கு அப்பதான் உறைக்கும், அப்புறம் அவளத் தேடி ஃபுகுவோகா வரைக்கும் போவான். அந்தப் பிரிவு கொஞ்ச நேரம்தான், ஆனா எப்படி வலிச்சது! ஐரோப்பால மாசக்கணக்குல பிரிஞ்சு இருக்காங்க, எனக்கு ஒண்ணுமே உறைக்கல.

லண்டன் எபிசோட எடுத்துக்கோங்க. சியாகியோட குரு, பெரிய கண்டக்டர் ஸ்ட்ரெஸ்மான் அவளக் கூட்டிட்டுப் போயி சோப்பான் முதல் கன்சர்ட்டோவ வாசிக்க வெக்கறாரு, ஒரே ராத்திரில அவ உலகத்துக்கே தெரிஞ்சிடறா, அடுத்த நாளே இனி இதுக்கு மேல ஒண்ணும் இல்ல வாசிக்கவே வேணாம்னு காணாமப் போயிடறா. கதையோட உச்சமே அதுதான். ஒரு கலைஞருக்கு வரக்கூடிய ரொம்ப பயங்கரமான நெனப்பு அது, ஆசப்பட்ட உச்சத்தத் தொட்டாச்சு இனி எறங்கறதுதான் பாக்கின்னு. அதுக்கு முன்னாடி அவ ஸ்ட்ரெஸ்மான்கூட எப்படித் தயாரானா, எங்க தடுக்கி விழுந்தா, எதுவும் நமக்குக் காட்டல. ராக்மானினாஃபுக்கு சியாகி அதே ஸ்ட்ரெஸ்மான்கிட்ட மாட்டிக்கிட்டு முழிச்சத நாம கூடவே இருந்து பாத்தோமே! நொடாமேக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்ல? தொடருக்குப் பேரே அவ பேருதான்.

கடைசில சியாகி மறுபடியும் அதே மோசார்ட் ரெண்டு பியானோ சொனாட்டாவுக்குத் திரும்புவான், அவள வாசிக்க வெக்க அவனுக்குத் தெரிஞ்ச ஒரே வழி அது. அழகான யோசன, நினோமியாவுக்கு சலாம். நான் அழுதேனான்னா அழுதேன், ஆனா அந்தக் கண்ணீர் 2007க்கு உரியது, 2010 அதுல பங்கு கேக்கக் கூடாது.

* * *

எல்லாருக்கும் வணக்கம், நான் ரெண்டு வருஷமா கீபோர்ட் க்ளாஸ் போற ஆளு, முதல் சீசன் மட்டும் பாத்திருக்கேன். மேல படிச்சதுல பாதிக் கதை தெரிஞ்சு போச்சு, பரவால்ல, எச்சரிச்சும் படிச்சேன். ஒரே கேள்வி, மீதியப் பாக்கலாமா வேணாமா?

* * *

பாரு தம்பி, கண்டிப்பா பாரு. ஆனா முதல் சீசன் முடிச்ச கையோட ஆரம்பிக்காத, ஒரு மாசமாவது விட்டுட்டு ஆரம்பி. பாரிஸ் பாகத்துல பிளாட்டினி போட்டிய சும்மா ஓட விட்டுடு, பிரிட்டானி கச்சேரிக்கு மட்டும் ஹெட்ஃபோன் போட்டுக்கோ. ஃபினாலேக்கு முன்னாடி மாங்கா கெடைச்சா 17வது வால்யூம்ல இருந்து படிச்சிடு, அனிமே தாண்டிக் குதிச்ச எடத்தையெல்லாம் உன் தலைக்குள்ளயே நீ நிரப்பிப்ப. ரூயி வர்ற எபிசோட மட்டும் ராத்திரி லேட்டா பாக்காத, மறுநாள் க்ளாஸ்ல கை ஓடாது.