ஸ்லக் ரிஜெக்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் காசு போட்டால் இயங்கும் எந்திரங்களின் தொழில் என்ன பாடு பட்டது என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாட்டுப் போடும் ஜூக்பாக்ஸ், பந்தை உருட்டி ஆடும் பின்பால் மேசை, மிட்டாய் எந்திரம், எடை பார்க்கும் எந்திரம் எல்லாம் அதில் வருகின்றன. மற்ற சொற்களை எப்படியோ சமாளித்துவிட்டேன். ஸ்லக் ரிஜெக்டர் மட்டும் மசியவில்லை.

காசுக்குப் பதிலாக வாஷர், தகரத் துண்டு, ஈய வட்டு என்று எதையாவது போட்டு எந்திரத்தை ஏமாற்றுவார்கள். அந்த வெற்று வில்லைக்குப் பெயர் ஸ்லக். அதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளும் உள்ளுறுப்புதான் ஸ்லக் ரிஜெக்டர். இப்போதைக்கு 'செல்லாக்காசு விலக்கி' என்று எழுதி வைத்திருக்கிறேன். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டுரை 1943-க்கு வந்ததும் அந்தச் சொல் உதைக்கிறது. உங்கள் கருத்து தேவை.

---

> செல்லாக்காசு விலக்கி

நல்ல சொல், விட்டுவிடாதீர்கள். செல்லாக்காசு என்றால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் மனிதர்களையே அப்படித்தான் சொல்வோம். 1943-இல் அப்படி என்ன உதைக்கிறது?

---

அண்ணா, அதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்து ரிஜெக்டருக்குள் மின்சாரம் எதுவும் கிடையாது. காசு தன் எடையிலேயே கீழே விழுகிறது. முதலில் ஒரு தொட்டில் மாதிரியான அமைப்பு அளவையும் எடையையும் பார்க்கிறது. அப்புறம் ஒரு காந்தத்தைக் கடக்க வேண்டும். இரும்பாக இருந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். திருப்பித் தரும் பிடியை அழுத்தினால் கீழே உதிர்ந்து கைக்கு வந்துவிடும். செம்பு, பித்தளை போன்றவை காந்தத்தில் ஒட்டாது. ஆனால் காந்தத்தின் ஊடே போகும்போது அவற்றில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, வேகம் குறைந்துவிடும். மின்சாரத்தை எவ்வளவு எளிதாகக் கடத்துகிறதோ அவ்வளவு தாமதம். ஐந்து சென்ட் நிக்கல் காசு செம்பும் நிக்கலும் கலந்தது. அந்தக் கலவை மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. அதனால் வேகம் குறையாமல் போய், சரியான இடத்தில் மோதி, சரியான பக்கம் துள்ளி விழும். செம்பு வில்லை மெதுவாக வந்து வேறு பக்கம் விழும். ஒரு காந்தத்தையும் சரிவையும் வைத்து இவ்வளவு வேலை!

இப்போது போருக்கு வருவோம். தோட்டா உறைக்குச் செம்பு வேண்டும் என்று 1943-இல் ஒரு சென்ட் காசை எஃகில் அடித்து, மேலே துத்தநாகம் பூசி வெளியிட்டார்கள். நூறு கோடிக்கும் மேல் அடித்தார்கள். பழைய செம்புக் காசு 3.11 கிராம், இது 2.7 கிராம். எஃகு காந்தத்தில் ஒட்டுமா ஒட்டாதா? ஒட்டியது. அரசு அச்சடித்த, சட்டப்படி செல்லும் காசை எந்திரம் திருட்டு வில்லை என்று பிடித்துக்கொண்டது. ஒரு சென்ட் போட்டு எடை பார்க்க வந்தவர், காசு போட்டும் முள் அசையாமல் நின்றிருப்பார். இந்த இடத்தில் நான் 'செல்லாக்காசு விலக்கி செல்லும் காசை விலக்கியது' என்று எழுத வேண்டியிருக்கிறது. பட்டிமன்றப் பேச்சுக்கு ஆகும், கட்டுரைக்கு ஆகாது.

ஐந்து சென்ட் கதை இன்னும் ருசியானது. கவசத் தகட்டுக்கு நிக்கல் தேவைப்பட்டதால் காசிலிருந்து அதை எடுத்துவிட முடிவு செய்தார்கள். 1942 மார்ச்சில் வந்த சட்டம் பாதி செம்பு, பாதி வெள்ளி என்றது; தேவைப்பட்டால் நாணயச்சாலை கலவையை மாற்றிக்கொள்ளலாம் என்றும் இடம் விட்டது. வெள்ளியும் செம்பும் மின்சாரத்தை அபாரமாகக் கடத்துபவை. அந்தக் காசை ரிஜெக்டர் ஏற்குமா? ஜூக்பாக்ஸில் ஒரு பாட்டு, நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு பயணம், பொதுத் தொலைபேசியில் ஒரு அழைப்பு என்று எல்லாம் ஐந்து சென்ட்டில் ஓடிய காலம் அது. அதனால் 56 பங்கு செம்பு, 35 பங்கு வெள்ளி, 9 பங்கு மாங்கனீசு என்று கலந்தார்கள். மாங்கனீசு சேர்ந்ததால் கலவையின் மின்தடை கூடி, பழைய காசின் குணத்துக்கு அருகே வந்தது. 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை அமெரிக்காவில் அடித்த நிக்கல் காசில் நிக்கலே இல்லை.

அரசாங்கம் எந்திரத்துக்கு ஏற்ற மாதிரி காசை மாற்றியது, பாருங்கள். எந்திரத்தைக் காசுக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது அப்போது லேசுப்பட்ட காரியமில்லை. போர் உற்பத்தி வாரியம் 1942-லேயே ஜூக்பாக்ஸ், விளையாட்டு எந்திரங்களின் உற்பத்தியை நிறுத்தச் சொல்லிவிட்டது. சிகாகோவில் ஜூக்பாக்ஸ் செய்துகொண்டிருந்த ராக்-ஓலா நிறுவனம் எம்1 கார்பைன் துப்பாக்கிகளைச் செய்யப் போய்விட்டது. சுமார் 2,28,500 துப்பாக்கிகள். தொழிலில் மிச்சம் இருந்தவர்கள் பழைய பின்பால் மேசைகளுக்குப் புதுக் கண்ணாடியும் புதுப் படமும் மாட்டிப் புதுசு மாதிரி விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் சங்கடம் இதுதான். இந்தக் கருவிக்குச் செல்லுவது எது, செல்லாதது எது என்று தெரியாது. உலோகத்தைத்தான் தெரியும். பெயரில் 'செல்லா' என்றோ 'கள்ள' என்றோ தீர்ப்பு இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

---

அதே 1943-இல் இங்கே ஓட்டைக் காலணா வந்தது. செம்பை மிச்சம் பிடிக்கத்தான் நடுவில் ஓட்டை. என் பாட்டி அதை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தார். தலைப்புக்குத் தொடர்பில்லாதது, மன்னிக்கவும். என் ஓட்டு: காசு வடிகட்டி.

---

வடிகட்டி வேண்டாம் தம்பி, டீக்கடை நினைவு வருகிறது.

நல்ல காசா, கெட்ட காசா என்று பார்ப்பதற்கென்றே ஒரு தொழில் நம்மிடம் இருந்திருக்கிறது. அவர்களுக்குப் பெயரும் இருக்கிறது. ஒன்று நோட்டக்காரர்; காசை ஆராய்வதற்கு நோட்டம் என்று பெயர். அதைவிடப் பழையது வண்ணக்கன். சங்கப் புலவர் பெயர்களில் பார்த்திருப்பீர்கள், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் என்று. இரண்டிலும் தீர்ப்பு கிடையாது, சோதனைதான். பார்த்துவிட்டு நல்லது என்றும் சொல்லலாம், ஆகாது என்றும் சொல்லலாம். நீங்கள் கேட்பது அதைத்தானே?

கருவிக்கு இகர ஈறு போட்டால் காசுநோட்டி அல்லது வண்ணக்கி. எனக்கு முதலாவது பிடித்திருக்கிறது; ஓட்டி, காட்டி, பூட்டி என்று அந்த ஓசைக்கு நாக்கு பழகியிருக்கிறது.

---

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காசுநோட்டியில் ஒரு சிக்கல். நோட்டு என்றால் இன்று எல்லோருக்கும் ரூபாய் நோட்டு. பிற்கால எந்திரங்கள் தாள் பணத்தையும் சோதிக்கின்றன. அதற்கு என்ன சொல்வீர்கள், நோட்டு நோட்டியா? தவிர, நோட்டம் விடுவது என்றால் எங்கள் ஊரில் திருட வருகிறவன் வீட்டைச் சுற்றிப் பார்ப்பது.

வண்ணக்கியும் எனக்கு ஒப்பவில்லை. வண்ண அச்சுப்பொறி என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்.

---

> வண்ண அச்சுப்பொறி என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள்

நினைக்கட்டுமே. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் எந்திரம் பார்ப்பது மையையும் நிறத்தையும்தானே? காசு வண்ணக்கி, நோட்டு வண்ணக்கி, இரண்டும் பொருந்துகின்றன. நோட்டு நோட்டி என்று எழுதும் துணிச்சல் எனக்கில்லை. ஐயா, உங்கள் முதல் விருப்பத்தை விட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

முதல் முறை வரும்போது 'காசைச் சோதிக்கும் வண்ணக்கி' என்று விரித்து எழுதி, அப்புறம் வெறும் வண்ணக்கி. ஸ்லக்குக்கு 'வெற்றுவில்லை'. அது ஒருபோதும் காசாக இருந்ததில்லை, எனவே செல்லாக்காசும் ஆகாது. செல்லாக்காசு என்றால் ஒரு காலத்தில் செல்லுபடியாகியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அண்ணா மன்னிப்பாராக.

---

மன்னித்தேன். ஆனால் ஆபரேட்டர் என்ன ஆனார்? அந்தத் தொழிலில் அவர்தானே நடுநாயகம்?

---

ஆமாம், அவரை 'இயக்குபவர்' என்று எழுதினால் தப்பு. அவர் எதையும் இயக்குவதில்லை. எந்திரங்களைச் சொந்தமாக வாங்கி, மதுக்கடை, உணவகம் என்று வெவ்வேறு இடங்களில் வைத்து, வாரம் ஒரு தடவை போய்க் காசை எண்ணிக் கடைக்காரரோடு பங்கு பிரித்துக்கொள்பவர். அதனால் 'பொறிவைப்பவர்' என்று போட்டேன். எலிக்குப் பொறி வைப்பது மாதிரி தொனிக்கிறது என்று என் மனைவி சிரித்தாள். நியூயார்க் மேயர் லா கார்டியாவைக் கேட்டால் அதுவே சரி என்றிருப்பார். 1942 ஜனவரியில் பின்பாலைத் தடை செய்து, பிடித்த மேசைகளைச் சம்மட்டியால் உடைத்தவர் அவர். சொல்லை மாற்றுவதாக இல்லை.

இன்னொன்று. இசைத்தட்டு செய்யும் ஷெல்லாக்குக்குத் தேடினால் நம் அகராதியிலேயே 'அவலரக்கு' இருக்கிறது. உருக்கி அவல் மாதிரி தட்டையாக்கிய அரக்கு. குச்சியோடு இருப்பது கொம்பரக்கு. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களில் பூச்சி சுரந்த பொருள்தான் கப்பலேறி அமெரிக்க ஜூக்பாக்ஸில் பாடியது. போரில் கப்பல் வரத்து தடுமாறியதும், 1942 ஏப்ரலில் இசைத்தட்டுக்கான அவலரக்கை 70 விழுக்காடு குறைத்துவிட்டார்கள். புதுச்சொல் உண்டாக்க உட்கார்ந்து, பழைய சொல் கிடைத்தது இந்த வாரத்தில் இது இரண்டாவது முறை.

கட்டுரையில் அந்த வாக்கியம் இப்போது இப்படி இருக்கிறது: 'அரசு காசு என்று கொடுத்ததை வண்ணக்கி வெற்றுவில்லை என்று பிடித்து வைத்தது.' உதைக்கவில்லை என்று நினைக்கிறேன். உதைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அதற்கு மேல் ஆசிரியர் பொறுக்க மாட்டார்.

ஜூக்பாக்ஸை ஜூக்பாக்ஸ் என்றே விட்டுவிட்டேன். பாட்டுப்பெட்டி என்று யாரும் தனி இழை தொடங்க வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.